பொத்தானுக்கு ஓர் இடம்

பள்ளி நூலகத்திற்காகப் பைத்தான் மொழியில் ஒரு சிறு செயலியை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சாளரத்தில் நூலின் பெயரைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி. அதன் அருகே 'பிஞ்சாம்' என்று மலாயில் எழுதிய ஒரு பொத்தான். பைத்தானுடன் சேர்ந்தே வரும் டிகின்டர் இதற்குப் போதும். பெட்டி, பொத்தான் போன்ற திரைக் கூறு ஒவ்வொன்றையும் 'விட்ஜெட்' என்பர்.

பொத்தானை உருவாக்கும் கட்டளையை எழுதி இயக்குகிறீர்கள். சாளரம் திறக்கிறது, பொத்தானைக் காணோம்! புதிதாகக் கற்பவர் பலரும் இங்கேதான் திகைத்து நிற்பர். கட்டளையில் பிழை இல்லை. விட்ஜெட்டை உருவாக்குவது ஒரு வேலை. அதற்கு இடம் ஒதுக்குவது வேறொரு வேலை. இடம் ஒதுக்கப்படாத விட்ஜெட் நினைவகத்தில் இருக்கும்; திரைக்கு வராது.

இடம் ஒதுக்க மூன்று வழிகள் உள்ளன. 'பேக்' விட்ஜெட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவோ பக்கம் பக்கமாகவோ அடுக்கும். 'கிரிட்' கட்டம் போட்ட தாளைப் போலச் சாளரத்தைப் பிரித்துக்கொள்ளும். 'பிளேஸ்' நாம் சொல்லும் புள்ளியில், நாம் சொல்லும் அளவில் வைக்கும்.

பிளேஸ்தான் எளிது என்று தோன்றும். 'பிஞ்சாம்' பொத்தானுக்கு 60 படப்புள்ளி அகலம் கொடுத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது என்றே கொள்வோம். பிறகு அதே செயலியைத் தமிழிலும் தர விரும்பி, 'இரவல் பெறுக' என்று மாற்றுகிறீர்கள். அகலம் மாறாததால் சொற்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. பல மொழிகள் புழங்கும் நம் நாட்டில் இதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழில் படிக்க வந்தவருக்கு அரைச் சொல்தானே கிடைக்கிறது?

கிரிட்டைப் பயன்படுத்தினால் நாம் அளவு சொல்வதில்லை. உறவை மட்டும் சொல்கிறோம். பெட்டி 0ஆம் நெடுவரிசையில், பொத்தான் 1ஆம் நெடுவரிசையில். (எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.) ஒரு நெடுவரிசையில் உள்ள மிக அகலமான விட்ஜெட்டைப் பார்த்து அதன் அகலத்தைக் கிரிட்டே கணக்கிடும். சொல் நீண்டால் பொத்தானும் விரியும். ஆனால், சாளரத்தைப் பெரிதாக இழுத்தால் பெட்டி தானாக நீளாது. நெடுவரிசைகளின் 'வெயிட்' மதிப்பு தொடக்கத்தில் 0 என்பதே காரணம். பெட்டியின் நெடுவரிசைக்கு அதை 1 ஆக்கி, பெட்டியின் 'ஸ்டிக்கி' அமைப்பில் கிழக்கு, மேற்கு இரண்டையும் குறித்தால், கூடுதல் இடம் முழுவதும் பெட்டிக்குச் சேரும்.

பேக், கிரிட் இரண்டையும் ஒரே கொள்கலனுக்குள் கலக்கக்கூடாது. இரண்டும் கொள்கலனின் அளவைத் தாமே முடிவுசெய்ய முயலும். பழைய பதிப்புகளில் அந்த இழுபறி ஓயாமல் செயலி அப்படியே உறைந்துவிடும். இப்போதைய பதிப்புகள் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். இரண்டும் தேவைப்பட்டால் சாளரத்திற்குள் தனித்தனிச் சட்டகங்களை அமையுங்கள். பெட்டியும் பொத்தானும் ஒரு சட்டகத்தில் கிரிட் வழியாக அமரட்டும். சட்டகங்களைப் பேக் அடுக்கிக்கொள்ளும்.