வீட்டு வேலையே உடற்பயிற்சி ஆகிவிடுமா?

"பொழுது விடிந்தால் பொழுது போனால் வேலைதான். எனக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?" சகோதரிகளே, இப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நாற்பத்தாறு வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். இங்கே பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த குகைக்குள் இருக்கிறார். சுவாமியைப் பிரதட்சிணம் செய்வதென்றால் குன்றையே சுற்றி வரவேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மூன்று சுற்று வருவேன். போன வருஷம் ஒரு சுற்றுக்கே முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. ரயில் நிலையப் படியில் கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவேனோ என்று பயம் வேறு.

என்ன செய்தேன் தெரியுமா? யாரையும் கேட்காமல், பெண்ணின் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, முதல் நாளே ஐம்பது தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் படுக்கை. பரீட்சைக்கு நடுவே என் பெண்தான் சமைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகுதான் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்மணி எடுத்த எடுப்பில் பயிற்சி சொல்லித் தரவில்லை. பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, பிரசவம் எப்படி, வீட்டில் எப்படி உட்காருவீர்கள் என்று கேள்விகளாகவே கேட்டார். அப்புறம் சொன்னார்: "அம்மா, நீங்க உழைக்கறீங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா முட்டியைத் தாங்க வேண்டிய தொடைச் சதை பலமில்லாம இருக்கு. பாரமெல்லாம் மூட்டு மேலேயே விழுது."

அவர் எனக்குச் சொல்லித் தந்தது மூன்றே மூன்று. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்துவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்ற காலை நேராக ஒரு அடி தூக்குவது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, அவ்வளவுதான். 'இதற்கா பஸ் ஏறி வந்தோம்?' என்றுகூட நினைத்தேன்.

இரண்டாம் முறை போனபோதுதான் விஷயம் புரிந்தது. காலைத் தூக்கும்போது நான் மூச்சை அடக்குகிறேன் என்று கண்டுபிடித்தார். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. செல்போன் நமக்குச் செய்து காட்டும்; நாம் செய்வதை அது பார்க்குமா?

யோகாசனமும் அப்படித்தான். மைசூரில் யோகம் கற்பித்து, 1950களில் சென்னைக்கு வந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், வயதுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி ஆளுக்கு ஆள் மாற்றித்தான் பயிற்சி தந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரமும் அதே வழியில் வந்ததுதான்.

உடம்பை அசைப்பதால் என்ன லாபம் என்பீர்கள். லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953ல் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் எழுதினார். நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம்! நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. மாதவிடாய் நின்றபின் தேயும் எலும்புக்கும் நடையும் தசைப் பயிற்சியும் துணை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். விறுவிறுவென்று செய்யும் வீட்டு வேலையும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் தசைப் பயிற்சியைத் தனியாகத்தான் செய்யவேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு நடு வயிற்றுத் தசை விலகியிருக்கும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். அடிவயிற்றைத் தாங்கும் தசைகளுக்கென்றே பயிற்சி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். அதற்குமுன் தொப்பை குறைய வேண்டும் என்று அவசரப்பட்டுக் குனிந்து நிமிராதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்ற பிறகே தொடங்கவேண்டும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது கையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நடமாட முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

என் வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது குன்றை இரண்டு சுற்று வருகிறேன். படியில் கைப்பிடி வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது சுற்றையும் விடப்போவதில்லை.

குக்கர் மூன்று விசில் அடிக்கக் காத்திருக்கிறோமே, அந்த நேரம்கூட நம் உடம்புக்குக் கிடையாதா, சொல்லுங்கள்?