எம்ஜிபி: எந்த வருடத்துக் காரை வாங்குவது?

‘1974 எம்ஜிபி, நல்ல நிலையில், விற்பனைக்கு’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், விலை கேட்பதற்கு முன் எந்த மாதத்தில் செய்த கார் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து அந்த ஓர் ஆண்டுக்குள் இரண்டு வகைக் கார்கள் வெளிவந்தன. முதலில் வந்ததில் ஒல்லியான குரோம் பம்பர். செப்டம்பர் வாக்கில் தொடங்கி வந்ததில் மூக்கு முழுவதையும் மூடும் கறுப்பு பம்பர். கதவு அதே கதவு, இன்ஜின் அதே இன்ஜின். விலை மட்டும் வேறு.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வருடம் பார்த்து வாங்குவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எம்ஜிபி நல்ல உதாரணம். 1962இல் வந்து 1980 அக்டோபரில் நின்றது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மேல்மூடியை மடக்கக்கூடிய ரோட்ஸ்டர் முதலில் வந்தது. நிலையான கூரையோடு ஜிடி 1965இல் சேர்ந்தது. இத்தனை ஆண்டும் உருவம் பெரிதாக மாறவில்லை. விவரங்களைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். (இன்று சென்னைச் சாலையில் ஓடும் எம்ஜி ஹெக்டருக்கும் இதற்கும் பெயரையும் எண்கோண முத்திரையையும் தவிர உறவில்லை. அந்தப் பெயர் பல கை மாறி இப்போது ஒரு சீன நிறுவனத்திடம் இருக்கிறது.)

விலையைப் பிரிக்கும் அந்தக் கறுப்பு பம்பரிலிருந்தே தொடங்கலாம். எம்ஜிபியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. எழுபதுகளில் அங்கே வந்த பாதுகாப்பு விதி, மணிக்கு 5 மைல் வேகத்தில் எதிலாவது முட்டினாலும் விளக்கு போன்ற பாகங்கள் கெடக் கூடாது என்றது. உயரத்துக்கும் கணக்கு வைத்தது. புதிதாக ஒரு கார் வடிவமைக்கும் நிலையில் எம்ஜியின் உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் இல்லை. அதனால் இரும்புச் சட்டத்தின் மேல் பாலியூரித்தேன் போர்த்தி முன்னும் பின்னும் மாட்டினார்கள். எல்லோரும் அதை ரப்பர் பம்பர் என்றே சொல்கிறார்கள். உயர விதிக்காகக் காரையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கினார்கள். போதாக்குறைக்கு, வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் முன்பக்கக் கம்பியை ரோட்ஸ்டரிலிருந்து எடுத்தும் விட்டார்கள். உயரத்தைக் கூட்டி, சாய்வைப் பிடிப்பதையும் எடுத்தால் என்ன ஆகும்? வளைவில் உடல் சாயும், பின்புறம் தனியாக விலகப் பார்க்கும்.

ஆக 1974 கடைசியிலிருந்து 1976 நடுப்பகுதி வரை வந்த ரோட்ஸ்டர்தான் இருப்பதிலேயே ஓட்டச் சுகமில்லாத எம்ஜிபி. நிறுவனத்துக்கே அது தெரிந்தது. 1977 மாடலில், அதாவது 1976 கோடை முடிவிலிருந்து, முன்பக்கத்துக்கு அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்பக்கத்துக்கும் ஒன்று போட்டார்கள். ரேடியேட்டரை முன்னே தள்ளி, சூடேறினால் தானே சுழலும் மின்விசிறி வைத்தார்கள். டாஷ்போர்டும் புதிது. சந்தையோ 1975ஐயும் 1978ஐயும் ‘ரப்பர் பம்பர்’ என்று ஒரே கூடையில் போடுகிறது. விவரம் தெரிந்து வாங்குபவருக்கு இதில்தான் லாபம்.

அமெரிக்காவிலிருந்து வந்த காராக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் விற்ற எம்ஜிபிக்குக் கடைசி வரை இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள் இருந்தன. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போனவற்றில் அவை போய், ஒரே ஒரு ஸெனித் ஸ்ட்ராம்பர்க் வந்தது. பின்னாலேயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தது. 1962இல் 95 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற அதே 1798 சிசி இன்ஜின், அமெரிக்கக் காகிதத்தில் அறுபது சொச்சத்துக்கு இறங்கியது. அளக்கும் முறை மாறியதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம்தான், ஆனால் ஓட்டிப் பார்த்தால் மந்தம் மந்தம்தான்.

இவ்வளவு குறை சொன்னாலும் இதில் எதுவும் தலைபோகிற விஷயம் அல்ல. உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங், சாய்வைப் பிடிக்கும் கம்பி, இரட்டைக் கார்புரேட்டர் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. நல்ல மெக்கானிக் இருந்தால் சில நாள் வேலை. எம்ஜிபிக்கு உதிரிபாகம் கிடைக்கும் அளவுக்கு அந்தக் காலத்து வேறு எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் கிடைக்குமா என்பது சந்தேகம். 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, எம்ஜிபியின் முழு பாடியையே மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது.

இனி முதல் வரிசைக்கு வருவோம். 1962 முதல் 1965 வரை வந்த கார்களில் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்க வேண்டும். பிறகு வந்தவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இழுவைக் கைப்பிடிக்கு ரசிகர்கள் அதிகம், அதற்கேற்ப விலையும் அதிகம். 1964 அக்டோபர் வரை கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று பேரிங்குகள். அதன் பின் ஐந்து. மூன்று பேரிங் இன்ஜின் துள்ளலாகச் சுழலும் என்று சிலர் அதைத் தேடிப் போகிறார்கள். நெடுந்தூரம் ஓட்டி உழைக்க வைக்கப்போகிறீர்கள் என்றால் ஐந்து பேரிங்தான் தாங்கும். முதல் வகைக் கார்களின் பேட்டரியில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். நாம் பழகியதற்கு நேர் எதிர். இது தெரியாமல் புது ஸ்டீரியோவை மாட்டினால் புகைதான் வரும்.

1967 நவம்பரில் வந்த இரண்டாம் வரிசையில்தான் நாம் இன்று காரிடம் எதிர்பார்ப்பவை வந்தன. அதுவரை முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. சிக்னலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கறகறக்கும். இப்போது நான்கு கியருக்கும் வந்தது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த். வெளியே அதே குரோம் கிரில், அதே பம்பர். 1969 இலையுதிர் காலத்தில் கிரில்லை உள்ளே தள்ளிக் கறுப்படித்தார்கள். பழைய கிரில்லின் அழகு அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். மூன்று ஆண்டு கழித்து அவர்களே வேறு கிரில் மாற்றினார்கள்.

எந்த வருடமானாலும் ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பது நான்கு கியர்தான். ஓவர்டிரைவ் என்பது ஒரு சுவிட்சைத் தட்டினால் வரும் ஐந்தாவது கியர் மாதிரி. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இன்ஜின் அலறும்; பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேச முடியாது. இங்கிலாந்தில் 1975 முதல் எல்லா எம்ஜிபிக்கும் அது உண்டு. அதற்கு முன் காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு மட்டும்.

எம்ஜிசி என்ற ஆறு சிலிண்டர் கார் 1967 முதல் 1969 வரை வந்தது. ரோவரின் 3528 சிசி வி8 இன்ஜின் வைத்த ஜிடி 1973 முதல் 1976 வரை வந்தது, மொத்தமே 2,591. இரண்டும் சேகரிப்பாளர்களின் வழி. முதல் பழைய கார் வாங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சட்டமும் வருடத்தின் விலையை நிர்ணயிக்கும். இங்கிலாந்தில் பல ஆண்டுகள் 1973 ஜனவரி 1க்கு முன் செய்த கார்களுக்கு மட்டும் சாலை வரி இல்லை. அதனால் 1972 காருக்கும் 1973 காருக்கும் இடையே ஒரு வேலி இருந்தது. 2014இல் 40 ஆண்டு தாண்டிய எந்தக் காருக்கும் வரி இல்லை என்று ஆக்கினார்கள். இன்று எல்லா எம்ஜிபியும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. எனவே ‘வரி விலக்கு உள்ள கார்’ என்று இன்னமும் கூடுதல் விலை சொல்பவரிடம் சிரித்துவிட்டு நகரலாம். கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே 1975 மாடல் வரை புகைப் பரிசோதனை கிடையாது. 1976 முதல் உண்டு. அந்தக் காலத்துப் புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்களும் பம்புகளும் அப்படியே மாட்டியிருக்க வேண்டும். அங்கே வசிப்பவர் 1977ஐ வாங்கி இரட்டைக் கார்புரேட்டர் போட நினைத்தால் வம்பு.

அமெரிக்கக் காரின் மாடல் வருடத்தை வண்டியின் அடையாள எண்ணிலேயே படிக்கலாம். ஜி, எச், என், 5, யு, ஜி என்று தொடங்கினால்: முதல் ஜி என்றால் எம்ஜி, எச் இன்ஜின் அளவைக் குறிக்கும், என் என்றால் ரோட்ஸ்டர், அந்த இடத்தில் டி இருந்தால் ஜிடி, 5 என்பது வரிசை, யு என்றால் அமெரிக்கா, கடைசி எழுத்து மாடல் வருடம். 1970க்கு ஏ, 1971க்கு பி, இப்படியே போனால் ஜி என்பது 1976. பதிவுச் சான்றிதழில் 1977 என்று இருக்கலாம். கார் விற்காமல் ஷோரூமில் கிடந்திருக்கும். எண்ணை நம்புங்கள்.

வருடத்தைவிட முக்கியமானது துரு. எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகடுகளைப் பெட்டிபோல் மடித்துப் பற்றவைத்த பாடியே எலும்புக்கூடும். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிதான் முதுகெலும்பு. சில் என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. தண்ணீர் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். கண்ணில் துளை படும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. முறையாகச் செய்ய முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். பலர் அதைச் செய்யாமல் அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் புதுக் கார்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் மீது ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. பிறகு கதவை மூடி, கதவுக்கும் பின் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று பாருங்கள். சில்லுக்கு அடியில் ஜாக்கி வைப்பதற்கான இடத்தில் காரைத் தூக்குங்கள். கதவு முன்போலவே திறந்து மூடினால் நல்லது. இடைவெளி சுருங்கி, கதவு சிக்கினால் முதுகெலும்பு போய்விட்டது. விற்பவர் ஜாக்கி போட விடமாட்டேன் என்றால் அதுவே பதில். இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள மூடியைத் தூக்கி, பேட்டரிப் பெட்டியின் அடித்தளத்தையும் தடவிப் பாருங்கள். ஆசிட் சொட்டி அரித்திருக்கும்.

இன்ஜினை ஓவர்ஹால் செய்யலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். பாடியை முழுமையாகச் சரிசெய்ய ஆகும் செலவில் பல நேரம் இன்னொரு நல்ல எம்ஜிபியே வாங்கிவிடலாம். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். போடாவிட்டால் பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது.

என் தேர்வு இது. அழகும் வேண்டும், ஓட்டவும் வேண்டும் என்றால் 1968 அல்லது 1969 மாடல், ஓவர்டிரைவோடு. கைக்கு அடக்கமான விலையில் தினசரி ஓட்ட வேண்டுமென்றால் 1977க்குப் பின் வந்த இங்கிலாந்து ரோட்ஸ்டர். மழையும் குளிரும் உள்ள ஊரானால் ஜிடி. கூரை இருப்பதால் உடலும் உறுதி, ரோட்ஸ்டரைவிடப் பொதுவாக விலையும் குறைவு. சில் அரித்த குரோம் பம்பரும், சில் நன்றாக இருக்கும் ரப்பர் பம்பரும் ஒரே விலைக்கு நின்றால், யோசிக்காமல் ரப்பர் பம்பரை எடுங்கள்.