நடந்தால் பால் வற்றாது

மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர் வீடுகளில் பிள்ளைப்பேறு நிகழ்ந்தால், இரண்டு நம்பிக்கைகள் தாயின் நாற்பது நாள்களையும் வழிநடத்துகின்றன: பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் பாலைப் பெருக்கும் என்பது ஒன்று, தாய் உடலை அலைக்கழித்தால் பால் வற்றிவிடும், அல்லது புளித்துக் குழந்தைக்கு ஆகாமல் போகும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கையில் பரிவும் ஓரளவு உண்மையும் இருக்கின்றன; இரண்டாவதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பால் சுரப்பை முதன்மையாகத் தீர்மானிப்பது, மார்பிலிருந்து பால் நாளுக்கு எத்தனை முறை, எவ்வளவு முழுமையாக வெளியேறுகிறது என்பதே.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் கர்ப்பத்தைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சட்டென்று குறைய, பாலை உண்டாக்கும் புரோலாக்டின் முழுவீச்சில் செயல்படத் தொடங்குவதால், முதலிரு நாள்களில் சிறிதளவே சுரந்த சீம்பால் மூன்றாம் நான்காம் நாளில் மிகுந்த பாலாக மாறுகிறது. குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோன் பால் பைகளைச் சுருங்கச் செய்து பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. இதுவரை நடப்பது பெரும்பாலும் ஹார்மோன்களின் வேலை. அடுத்து வரும் வாரங்களில் கட்டுப்பாடு மெல்ல மார்புக்கே மாறுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு மந்தமாகும், வெளியேறினால் விரைவுபெறும் என்பதால், பிறந்த குழந்தைக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்கச் சொல்வது வெறும் சம்பிரதாய அறிவுரையன்று. புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால், தாய் அயர்ந்து உறங்கட்டும் என்று இரவில் பால் மாவு கரைத்துக் கொடுக்கும் அன்பான உறவினர், தம்மை அறியாமலே அவளது சுரப்பைக் குறைத்துவிடுகிறார்.

குழந்தை அழுவதும் மார்பு மென்மையாவதும் பால் போதாமைக்கு அடையாளமல்ல. முதல் சில வாரங்களுக்குப் பிறகு மார்பின் விறைப்பு தணிவது இயல்பே. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடையை மீண்டும் எட்டுவதுமே நம்பத்தக்க சான்றுகள். எடை ஏறவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை காம்பை மட்டும் பற்றாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் வாய் நிறையப் பற்றுகிறதா என்பது. தைராய்டு குறைபாடும், பேற்றின்போது மிகுதியாகப் போன இரத்தமும், கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துணுக்கும் சுரப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், அதற்குப் பிறகும் குறை நீடித்தால் மருத்துவரிடம் போவதே முறை.

மலேசிய-சிங்கப்பூர் நிலப்பகுதிக்கும் தாய்ப்பால் பற்றிய கேள்விக்கும் பழைய தொடர்பு உண்டு. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பால் விற்கப்படுவதைக் கண்டித்து, சிசிலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் ஆற்றிய ‘பாலும் கொலையும்’ என்ற உரை இன்றும் மருத்துவ உலகில் நினைவுகூரப்படுகிறது. உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஒருங்கிணைத்துவரும் உலகக் கூட்டமைப்பின் தலைமையகம் பினாங்கில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் மலேசியாவில் 2006ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் 14.5 விழுக்காடாக இருந்து, 2016இல் 47.1 விழுக்காடாக உயர்ந்தனர்.

உணவைப் பொறுத்தவரை, 2020இல் பினாங்கு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய காக்ரேன் தொகுப்பாய்வு, பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றிய 41 சோதனைகளை அலசி, வெந்தயம் போன்ற இயற்கைப் பொருள்கள் சிலருக்குப் பயன்தரக்கூடும், ஆயினும் சான்றின் உறுதி மிகக் குறைவு என்று முடிவுகூறியது. பூண்டுக்கு வேறொரு சுவையான சான்று கிடைத்திருக்கிறது: தாய் பூண்டு உட்கொண்ட பிறகு பாலில் அதன் மணம் ஏறுவதையும், அப்போது குழந்தை கூடுதல் நேரம் மார்பில் இருப்பதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1991இல் கண்டனர். பத்திய உணவு தாயைப் போற்றும் ஏற்பாடு என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் பத்தியம் கோலாலம்பூர் வெயிலுக்குச் சற்றும் பொருந்தாது. பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். தாகத்துக்கு வேண்டிய அளவு நீர் வேண்டும். அதற்குமேல் நீரைக் குடித்தால் பால் பெருகும் என்பதற்கு ஆதாரமில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வெந்தயத்தை மருந்தளவில் உண்பவர்கள், அது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவல்லது என்பதால், நீரிழிவு மருந்தோடு சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

இனி உடற்பயிற்சி. கலிபோர்னியாவில் 33 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பேற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழிந்த பின் நாளுக்கு 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்யவைத்த ஆய்வு 1994இல் வெளியானது. பாலின் அளவிலோ சத்திலோ குழந்தையின் எடையிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பால் புளிக்கும் என்ற அச்சத்துக்கு, உடலை எல்லைவரை வருத்தும் பயிற்சிக்குப் பின் பாலில் லாக்டிக் அமிலம் சிறிது கூடுவதும், அத்தகைய பாலைக் குழந்தைகள் விரும்பவில்லை என்று 1990களின் தொடக்கத்தில் வந்த ஓர் ஆய்வும் வலுச்சேர்த்தன; மிதமான பயிற்சிக்குப் பிறகு குழந்தைகள் பாலை மறுப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. மலாயாத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டு விடியுமுன் ரப்பர் பால் வெட்டுக்குப் போன பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் பாலூட்டலுக்கு நடையைவிடக் குழந்தையிடமிருந்து நேர்ந்த பிரிவே பெரிய இடையூறாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பிரிவு இன்று வேறு வடிவில் வருகிறது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. அதாவது பதினான்கு வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்தில் ஏறத்தாழப் பாதி அதற்குப் பின்னரே வருகிறது. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமியூட்டர் ரயிலில் வந்து திரும்பும் தாய், வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் பாலைப் பீய்ச்சி எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். எடுத்த பால் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் நண்பகல் அதைவிட மிகுந்த வெப்பம் என்பதால், பனிப்பொதி வைத்த பையில் கொண்டுவந்து உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு ஓர் அறையும் சில நிமிடங்களும் ஒதுக்காத முதலாளி, விடுப்பால் கிடைத்த நன்மையைப் பாதியிலேயே பறித்துவிடுகிறார்.

மலேசிய இந்தியப் பெண்களுக்கு உடற்பயிற்சியை வலியுறுத்துவதற்கு அழகைவிடப் பெரிய காரணம் நீரிழிவு. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் இனங்களிலேயே அதுவே மிகுதி. கர்ப்பகால நீரிழிவு பால் மிகுவதைச் சில நாள் தாமதப்படுத்தக்கூடும். அந்த நாள்களில் ‘இவளுக்குப் பால் இல்லை’ என்று புட்டியைக் கையிலெடுக்காமல் அடிக்கடி மார்பில் சேர்த்துவிட்டால், பெரும்பாலோர்க்குச் சுரப்பு வந்துவிடும். அதேவேளை குழந்தையின் எடையையும் சர்க்கரையையும் தாதியர் கவனிக்க வேண்டும். அவ்வாறு விடாமல் ஊட்டுவது தாய்க்கும் காப்பாகிறது: கர்ப்பகால நீரிழிவு கண்ட ஏறத்தாழ ஆயிரம் பெண்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, தாய்ப்பாலை மிகுதியாகவும் நீண்ட நாளும் கொடுத்தவர்களுக்குப் பின்னர் நீரிழிவு வருவது குறைவாக இருந்ததை 2015இல் எடுத்துக்காட்டியது.

சுகப்பேறு கண்டவர் உடல் இடம்கொடுத்தால் சில நாள்களிலேயே மெல்ல நடக்கவும், இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தவும் தொடங்கலாம். அறுவைப் பேறு கண்டவர் கடும் பயிற்சிக்கு முன் ஆறாவது வார மருத்துவச் சோதனை வரை பொறுப்பது நல்லது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. பாலூட்டி மார்பின் கனத்தைக் குறைத்துவிட்டு நடந்தால் வலி இராது. வயிற்றைக் கட்டும் துணி மார்பு வரை ஏறி இறுக்கினால் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகளுக்கு 1888இல் அமைந்த ஏரிப் பூங்கா எட்டும் தொலைவில்தான் உள்ளது. வெயிலோ புகைமூட்டமோ கடுமையான நாளில் பேரங்காடியின் குளிர்ந்த தளம் போதும்.

கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் சர்க்கரைக் கரைசல் குடித்து இரத்தம் கொடுக்கும் சோதனையைத் தவறவிடக்கூடாது. குழந்தைக்குத் தடுப்பூசி போட அரசு கிளினிக்குக்குப் போகிறவர்கள் தம் பெயரில் அதற்கும் ஒரு நாளைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.