பூட்டிய கதவுக்குள் தாய்மை

சிராங்கூன் சாலையில் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கும் குடும்பங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்ல அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என ஒரு கூட்டமே இருக்கும். நள்ளிரவில் வலி வந்தாலும் டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

சிறையில் இருக்கும் கர்ப்பிணி என்ன செய்வார்?

பிரிட்டனின் பிரான்ஸ்ஃபீல்டு சிறையில் 2019 செப்டம்பரில் 18 வயதுப் பெண் ஒருவர் உதவி கேட்டு அறை மணியை இருமுறை அழுத்தினார். உதவி வரவில்லை. இரவில் தனியாகவே பிரசவித்தார். குழந்தை பிழைக்கவில்லை. சிறையில் எல்லாக் கர்ப்பங்களையும் அதிக ஆபத்துள்ளவையாகவே கருத வேண்டும் என்றது 2021ல் வெளிவந்த விசாரணை அறிக்கை. பெண் நெடுநேரம் பூட்டிய கதவுக்குள் இருப்பதே அதற்குக் காரணம்.

ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீர்ப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் வெளியில் உள்ள தாதியும் செய்வதுதான். சிறைத் தாதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடும் தலைவலி, கண் மங்குதல், ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் போன்ற அபாய அறிகுறிகளை இரவுக் காவல் அதிகாரிக்கும் சொல்லித்தர வேண்டும். அந்நேரத்தில் சாவி அவரிடம்தானே இருக்கும்!

பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அதை அடுத்தும் கைவிலங்கு போடக்கூடாது என்கின்றன, 2010ல் ஐநா ஏற்ற பேங்காக் விதிகள். இந்திய உச்ச நீதிமன்றம் 2006ல் தந்த தீர்ப்பின்படி, கூடியவரை சிறைக்கு வெளியே மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டும். சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக்கூடாது. பெயர்சூட்டும் சடங்குக்கும் வசதி செய்துதர வேண்டும்.

சிங்கப்பூரில் சாங்கி மகளிர் சிறையில் இருக்கும் தாய், தன் குழந்தையை மூன்று வயதுவரை உடன் வைத்திருக்க அனுமதி கிடைக்கலாம்.

“தப்பு செய்தவருக்கு இவ்வளவு கவனிப்பா?” என்று சிலர் கேட்கலாம். நீதிமன்றம் தண்டனை கொடுத்தது தாய்க்கு மட்டும். வயிற்றிலிருக்கும் பிள்ளைமீது எந்த வழக்கும் இல்லை.

நம் புளோக்கிலேயே அப்படி ஒரு தாய் பிள்ளையோடு வீடு திரும்பக்கூடும். “எங்கே பிறந்தது?” என்று கேட்காதீர்கள். “பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள்.