பட்டாணிப் பொரியல்: முதலில் ஊறிய தண்ணீரைப் பாருங்கள்

கடந்த ரமலானில் நாங்கள் வழங்கிய மளிகைப் பைகளில் அரிசி, பருப்பு, எண்ணெயோடு அரைக் கிலோ காய்ந்த பச்சைப் பட்டாணியும் இருந்தது. மறுநாளே லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு சகோதரி பேசினார். "ஊறப் போட்ட தண்ணி பாசி பிடிச்ச குளம் மாதிரி இருக்கு. பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?" என்றார். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கியது எங்கள் தவறு. கொடுத்த பட்டாணியை எல்லாம் திரும்பப் பெற்று, பதிலுக்குக் கொண்டைக்கடலை கொடுத்தோம்.

அதற்காகப் பட்டாணியையே ஒதுக்கிவிட வேண்டாம். கறியும் மீனும் வாங்க முடியாத வாரத்தில் அது பெரிய துணை. 100 கிராம் காய்ந்த பட்டாணியில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. பட்டாணி குளிர்ச்சி கேட்கும் பயிர். பெரம்பலூர், அரியலூர் வெயிலுக்கு அது ஒத்துவராது. பச்சைக் காய் மலிவாக வருவது மார்கழி, தை மாதங்களில்தான். மற்ற நாட்களில் காய்ந்த பட்டாணியே கதி.

காய்ந்த பட்டாணியின் இயல்பான நிறம் மங்கலான பச்சை. பளபளவென்று கிளிப்பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மாலகைட் கிரீன் என்பது துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் சாயம். உணவில் சேர்க்கக் கூடாதது. வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி பட்டாணியைப் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் பச்சை நிறம் பிரிந்து வந்தால் சமைக்காதீர்கள். வெந்நீரில் நல்ல பட்டாணியும் கொஞ்சம் நிறம் விடும் என்பதால் இதற்கு வெந்நீர் வேண்டாம். சாயம் தெரிந்தால் மிச்சப் பட்டாணியைக் கொட்டிவிடாமல், பையோடும் ரசீதோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

இனி பொரியல். ஐந்து பேருக்கு 150 கிராம் பட்டாணி போதும். ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இரவே ஊறப் போட்டுவிட்டால் விடியற்காலையில், ஸஹர் நேரமானாலும் பள்ளிக்கூட நாளானாலும், அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஊறிய தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு குக்கரில் மூன்று விசில். சோடா உப்பு போடாதீர்கள். பட்டாணி சீக்கிரம் குழையும், நிறமும் நிற்கும். ஆனால் பி1 வைட்டமின் போய்விடும். தக்காளி, புளி சேர்ப்பதானால் வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு முன்னால் விழுந்தால் பட்டாணி வேக அதிக நேரமாகும்.

குக்கர் அடங்குவதற்குள் கால் கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்குங்கள். எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, மூன்று பச்சை மிளகாய் தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம் போட்டு வதக்குங்கள். செட்டிகுளம் வெங்காயம் பக்கத்திலேயே விளையும்போது பெரிய வெங்காயத்தைத் தேடுவானேன்? பிறகு கோஸ், உப்பு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி ஐந்து நிமிடம். வெந்த பட்டாணியைச் சேர்த்துத் தண்ணீர் சுண்டும்வரை கிளறி, தேங்காய்த் துருவல் இரண்டு கரண்டி தூவி இறக்குங்கள். பிள்ளைகள் டிபன் பாக்ஸில் கொண்டு போவதானால் தேங்காய் வேண்டாம். வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும்.