பந்தயக் கோலம் பூண்ட குட்டிக் கார்

இங்கிலாந்திலே பழைய மோட்டார் வாகனங்களைப் பேணுவோர் கூடும் இடங்களில் ஒரு விசித்திரமான ஊர்தியை இன்றுங் காணலாம். இடுப்பளவு உயரமே உடைய குட்டிக் கார், கூரையில்லை, அலுமினியத் தகட்டாலான பின்புறம் ஓடத்தின் முனைபோற் கூர்ந்திருக்கும், புகைக்குழாய் வெளிப்புறமாக நீண்டு செல்லும், எஞ்சின் மூடியைத் தோல்வாரினாற் கட்டியிருப்பர். பந்தயத்துக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். ஆயினும் இவற்றுட் பல, ஒருகாலத்தில் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் சுமந்து ஊர்ந்து சென்ற பெட்டி போன்ற குடும்பக் கார்களேயாம்.

ஒஸ்ரின் செவன் என்பது அதன் பெயர். ஒஸ்ரின் ஏ40 கார்களைக் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு அக்குலப்பெயர் புதியதன்று. சேர் ஹேபேட் ஒஸ்ரின், ஸ்ரான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது இளைஞரைத் தம் இல்லத்தில் இருத்தி வரைவித்த இக்கார் 1922இல் வெளிவந்தது. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் உருவாயின. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் ஆறடி மூன்றங்குலந்தான். எஞ்சினோ 747 கன சென்ரிமீற்றர்!

இச்சிறு எஞ்சினுக்குப் பந்தயப் புகழ் வந்த கதை சுவையானது. 1929இல் வட அயர்லாந்தின் ஆட்ஸ் வீதிகளில் நடந்த பந்தயத்தில் கரச்சியோலா என்னும் வீரர் ஏழு லீற்றர் மெர்சிடிஸ் காரில் முதலிடம் பெற்றார். மூன்றாம் நான்காம் இடங்களைப் பெற்றவை ஒஸ்ரின் செவன்கள். சிறு கார்களுக்குச் சலுகைச் சுற்றுக்கள் வழங்கப்பட்டன என்பது மெய்யே. எனினும் அவ்வெற்றி மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. அதன்பின் விற்பனைக்கு வந்த தாழ்ந்த கூர்வால் வகைக்கு அல்ஸ்ரர் என்ற பெயரே வழங்கலாயிற்று.

உண்மையான அல்ஸ்ரர்கள் மிகச் சில. யுத்தத்தின் பின் கையிற் பணமில்லாத இளைஞர் என் செய்வர்? மலிவாகக் கிடைத்த பழைய குடும்பக் காரை வாங்கி, மழையில் உக்கிய மேற்கூட்டைக் கழற்றி எறிந்து, எஞ்சிய அடிச்சட்டத்தின்மீது மெல்லிய தகட்டைப் பொருத்தினர். கொலின் சப்மன் 1948இல் இவ்வாறு செய்த காரே லோட்டஸ் வரிசையின் முதற்கார். நியூசிலாந்துச் சிறுவன் புரூஸ் மக்லாறனும் ஓர் அல்ஸ்ரரிலேயே தன் முதற் போட்டியை ஓட்டினான். (கம்பிவடத்தால் இயங்கும் இக்காரின் தடை பலவீனத்துக்குப் பேர்போனது. அதனை நம்பி வேகமாக ஓட்டியவரின் துணிச்சலை என்னென்பது!)

இன்று நிலைமை வேறு. அன்று குப்பையாகக் கருதப்பட்ட மூடிய கார்கள் இப்பொழுது அருகி வருகின்றன. நல்ல நிலையிலுள்ள ஒன்றின் கூட்டை அகற்றிப் பந்தயக் கோலம் பூட்டுவதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பில்லாத ஒன்றைப் படைக்கும் வேலை அது. கூடு முற்றாக அழிந்துவிட்ட காருக்கு அக்கோலம் மறுவாழ்வு. பழுதற்ற காருக்கோ அது அழிவு. அதனினுங் கொடியது, அவ்வாறு செய்ததை அல்ஸ்ரர் என்று சொல்லி விற்பது. விலையேற்றம் அவ்வாசையைத் தூண்டுகின்றது. வாங்குவோர் அடிச்சட்ட இலக்கத்தையும் பழைய பதிவேட்டையும் ஒப்பு நோக்கியே பணங் கொடுத்தல் வேண்டும்.

ஆசை அடங்காதவர் அடிச்சட்டத்தை வெட்டாது விடுக. கழற்றிய கூட்டையும் கராச்சின் ஒரு மூலையில் நனையாமல் வைத்திருப்பின், பின்வருவோர் சில மரையாணிகளைப் பூட்டி அந்தக் குடும்பக் காரை மீட்டெடுக்கலாம்.