காரின் வண்ணம் காக்கும் கருவிகள்

கார் கடனைப் பெரும்பாலோர் 5 முதல் 7 ஆண்டுகளில் அடைக்கிறார்கள். அக்காலம் முழுவதும் காரின் மதிப்பு குறையாமல் காப்பது உரிமையாளரின் பொறுப்பாகும். மறுவிற்பனையின்போது வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது வண்ணப்பூச்சே. வெயிலில் பளிச்சிடும் மெல்லிய வட்டக் கீறல்கள் பெரும்பாலும் தவறாகக் கழுவுவதால் விளைபவை.

வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்; அதாவது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கும். சாலைத் தூசியிலுள்ள மணல் துகள்கள் இப்பூச்சைவிட மிகக் கடினமானவை. துணியின் அடியில் சிக்கிய மணலே பூச்சைக் கீறுகிறது. ஆகவே, மணலைப் பரப்பிலிருந்து விலக்கும் கருவிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளி நீரையும் ஒரே துணியையும் கொண்டு பல கார்களைத் துடைப்பது வழக்கம். ஒரு காரின் மணல் அடுத்த காரைக் கீறுவதற்கு இதுவே போதும். உலர்ந்த தூசியைத் துணியால் துடைப்பதும் தீங்கானது. தட்டையான ஸ்பாஞ்சில் மணல் உள்ளே புக வழியின்றி மேற்பரப்பிலேயே தங்கிவிடும். நீண்ட இழைகளைக் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறையோ மணலைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

வாங்க வேண்டியவை சிலவே: மேற்கூறிய கையுறை, இரண்டு வாளிகள், கார் ஷாம்பு, ஈரத்தை ஒற்றியெடுக்கத் தடித்த மைக்ரோஃபைபர் துண்டு, சக்கரங்களுக்கெனத் தனித் துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடுமாதலால் அதனைத் தவிர்க்கவும்.

காரை நிழலில் நிறுத்தி, முதலில் நீரைப் பீய்ச்சித் தூசியை அகற்றுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு நீரும் மற்றொன்றில் தூய நீரும் இருக்கட்டும். மேலிருந்து கீழாகக் கழுவி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையைத் தூய நீரில் அலசிய பின்னரே ஷாம்பு நீரில் நனையுங்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் பயன்படுத்தலாகாது.

பாலிஷ் செய்தால் கீறல் மறையும்; ஆயினும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புப் பூச்சு சிறிது தேய்கிறது. நாளடைவில் ஏற்படும் தேய்மானத்திற்கு மோட்டார் காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பதில்லை என்பதையும் வாடிக்கையாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் நல்ல கையுறையும் கூடுதலாக ஒரு வாளியும், பல ஆண்டுகள் தவணை கட்டி வாங்கிய உடைமைக்குச் சிக்கனமான பாதுகாப்பாகும்.